இந்தியா ஆர்ட் ஃபேர் வாரத்தில் டெல்லி அருங்காட்சியகங்கள்: முதல் முறை போகிறவர்களுக்கு

பிப்ரவரி தொடக்கத்தில் டெல்லியில் 'இந்தியா ஆர்ட் ஃபேர்' என்ற நான்கு நாள் கலைச் சந்தை நடக்கிறது. இடம் ஓக்லாவில் உள்ள என்.எஸ்.ஐ.சி. மைதானம், வியாழன் தொடங்கி ஞாயிறு வரை. 2008-இல் 'இந்தியா ஆர்ட் சம்மிட்' என்ற பெயரில் பிரகதி மைதானத்தில் ஆரம்பித்தது, 2012-இல் பெயரையும் இடத்தையும் மாற்றிக்கொண்டு ஓக்லாவுக்கு வந்தது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட கேலரிகளும் கலை நிறுவனங்களும் அங்கே கடை விரிக்கின்றன. அதே வாரத்தில் ஊரில் உள்ள அருங்காட்சியகங்களும் தங்கள் முக்கியமான கண்காட்சிகளைத் திறந்து வைக்கின்றன. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் சந்தையை மட்டும் பார்த்துக் கால் வலியோடு திரும்பிவிடுகிறார்கள். டெல்லியின் நிஜமான செல்வம் சந்தைக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கே போக 20 ரூபாய் டிக்கெட், சில இடங்களில் அதுவும் தேவையில்லை.

முதலில் அருங்காட்சியகம், அப்புறம்தான் சந்தை

இந்த வரிசையை மாற்றாதீர்கள். சந்தையில் ஒரு ஓவியருக்கு ஒரு சுவர், பல நேரம் ஒரே ஒரு படம். அவர் எங்கே தொடங்கினார், எதை விட்டுவிட்டு எதற்கு வந்தார் என்று எதுவும் தெரியாது. பக்கத்து அரங்கில் முற்றிலும் வேறு ஒருவர். இப்படி நூறு அரங்கு பார்த்தால் மாலைக்குள் எல்லாம் ஒன்றாகக் கலங்கிவிடும். அருங்காட்சியகத்தில் ஒருவருடைய அறுபது வருட வேலை ஒரே கூரையின் கீழ் இருக்கும். அதைப் பார்த்த கண்ணோடு சந்தைக்குள் போனால், 'இது அவருடைய எழுபதுகளின் வேலை', 'இவர் அவரிடமிருந்து இதை எடுத்திருக்கிறார்' என்று தானாகவே பிடிபடும்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். செவ்வாய் இரவுக்குள் டெல்லி வந்து சேருங்கள். புதனும் வியாழனும் அருங்காட்சியகங்கள். வெள்ளி பிற்பகல் அல்லது சனி காலை சந்தை. மிச்சம் உள்ள நேரம் மண்டி ஹவுஸ் வட்டாரத்துக்கும் கைவினை அருங்காட்சியகத்துக்கும். ஒரு நாளைக்கு இரண்டு அருங்காட்சியகத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் கால் நடக்கும், கண் பார்க்காது.

தேதியும் டிக்கெட்டும்

சந்தைத் தேதி மாதக்கணக்கில் முன்பே அறிவிக்கப்படும். ரயில் டிக்கெட்டை அப்போதே போட்டுவிடுங்கள். சந்தைக்கான நுழைவு டிக்கெட் இணையத்தில் நாள்வாரியாக விற்கப்படுகிறது. வியாழன் முழுவதும் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு. வெள்ளியிலும் ஒரு பகுதி நேரம் அவர்களுக்கே போவதுண்டு. எந்த நாளுக்கு வாங்குகிறீர்கள் என்பதோடு எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள் என்பதையும் டிக்கெட் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளி டிக்கெட்டை வைத்துக்கொண்டு காலை பத்து மணிக்கே வாசலில் நிற்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கலாம். அந்த நேரத்தை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

அருங்காட்சியகங்களில் என்ன கண்காட்சி என்பது ஜனவரி கடைசி வாரத்தில்தான் முழுமையாகத் தெரியவரும். ஒவ்வொன்றின் இணையதளத்தைவிட இன்ஸ்டாகிராம் பக்கத்தில் தகவல் சீக்கிரம் வரும். மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: கண்காட்சி எந்தத் தேதியில் திறக்கிறது (சில வியாழன், வெள்ளியில்தான் திறக்கும்), எந்தக் கட்டடத்தில், கண்காட்சியைத் தொகுத்த க்யூரேட்டரே கூட்டிக்கொண்டு போய் விளக்கும் நடை இருக்கிறதா. அந்த நடைக்கு முன்பதிவு கேட்பார்கள், இடம் கொஞ்சம்தான். கிடைத்தால் மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுப் போங்கள். படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பத்து வரியில் வராத பல சங்கதிகள் அங்கே பேச்சில் வரும்.

வந்து சேர்வது, தங்குவது

சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்தால் புது டெல்லி நிலையத்தில் இறங்குவீர்கள். பிப்ரவரி தொடக்கத்தில் வடக்கே இன்னும் பனிமூட்டம் இருக்கும். மத்தியப் பிரதேசம் தாண்டிய பிறகு ரயில் பல மணி நேரம் தாமதமாவது சகஜம். காலை விமானத்துக்கும் இதே கதி நேரலாம். அதனால் வந்து இறங்கும் நாளில் எந்த முன்பதிவும் வைக்காதீர்கள். அதிகாலையில் நல்ல குளிர், மதியம் இதமான வெயில். ஸ்வெட்டரும் அதன்மேல் கழற்றி மாட்ட ஒரு ஜாக்கெட்டும் போதும். காற்று மாசும் இருக்கும், ஆஸ்துமாக்காரர்கள் முகக்கவசமும் இன்ஹேலரும் மறக்க வேண்டாம்.

தங்கும் இடத்தை மெட்ரோவைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்தச் சுற்றுக்கு முக்கியமாக வேண்டியவை இரண்டு தடங்கள். ஒன்று மெஜந்தா தடம்: சந்தைக்குப் போக இறங்க வேண்டிய 'ஓக்லா என்.எஸ்.ஐ.சி.' நிலையம் இதில்தான் இருக்கிறது. விமான நிலையத்தின் முதல் முனையமும் இதே தடத்தில்தான், அங்கிருந்து மாறாமல் நேரே வரலாம். இன்னொன்று வயலட் தடம். இதை அருங்காட்சியகத் தடம் என்றே சொல்லலாம்: ஜே.எல்.என். ஸ்டேடியம், கான் மார்க்கெட், சென்ட்ரல் செக்ரட்டேரியட், ஜன்பத், மண்டி ஹவுஸ் என்று வரிசையாக நீங்கள் இறங்க வேண்டிய நிலையங்கள். இரண்டு தடமும் கால்காஜி மந்திர் நிலையத்தில் சந்திக்கின்றன. சந்தை அங்கிருந்து அடுத்த நிறுத்தம். ஆகவே கால்காஜி, நேரு பிளேஸ், லாஜ்பத் நகர் பக்கம் அறை எடுத்தால் பெரும்பாலான பயணம் இந்த இரண்டு தடத்திலேயே ஓடிவிடும். புது டெல்லி ரயில் நிலையத்தை ஒட்டிய பஹார்கஞ்சில் அறை மலிவு. ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரம் போக்குவரத்திலேயே போகும்.

காரில் போகலாம் என்று நினைக்காதீர்கள். கல்யாண சீசன், வி.ஐ.பி. போக்குவரத்து, சந்தைக் கூட்டம் மூன்றும் சேர்ந்து ஓக்லாவில் மாலை வேளையில் வண்டி நகராது. மெட்ரோவுக்கு ஸ்மார்ட் கார்டு வாங்கினால் ஒவ்வொரு பயணத்திலும் 10 விழுக்காடு தள்ளுபடி, வரிசையும் மிச்சம். தேசியப் பொதுப் பயண அட்டை வைத்திருப்பவர்கள், சென்னையின் சிங்காரச் சென்னை அட்டையும் அந்த வகைதான், அதையே பயன்படுத்தலாம். அட்டையில் பணம் ஏற்றியிருக்க வேண்டும். நிலையத்துக்குள் பையை ஸ்கேன் செய்ய வேண்டும், காலை ஒன்பதிலிருந்து பத்து வரை அந்த வரிசையே கால் மணி நேரம் எடுக்கும்.

கையில் என்ன எடுத்துப் போவது

புகைப்பட அடையாள அட்டை, அசல். ஆதார் போதும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் பாஸ்போர்ட். நேஷனல் மியூசியத்திலும் நவீனக் கலைக் கூடத்திலும் இந்தியர்களுக்கு 20 ரூபாய். வெளிநாட்டவருக்கு முறையே 650, 500 ரூபாய். இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: தொல்லியல் துறையின் கீழ் உள்ள ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார் போன்ற இடங்களில் சார்க், பிம்ஸ்டெக் கூட்டமைப்புகளில் உள்ள நாட்டவருக்கும் இந்தியருக்கான கட்டணமே. கவுண்ட்டரில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்க வேண்டும், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

பெரிய பை வேண்டாம். முதுகுப்பையை எல்லா இடத்திலும் கிளோக் ரூமில் வைக்கச் சொல்வார்கள். லேப்டாப், பவர் பேங்க் உள்ள பையை வாங்க மறுக்கும் இடங்களும் உண்டு. தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று, அதில் பென்சிலும் குறிப்பேடும். பேனாவை எடுத்துக் குறிப்பெழுதினால் காவலர்கள் தடுக்கலாம், மை தெறித்தால் ஓவியத்துக்கு ஆபத்து என்பதால்தான். ஃபிளாஷ் கூடாது. படம் எடுக்கலாமா என்பது கண்காட்சிக்குக் கண்காட்சி மாறும், வாசலிலேயே கேட்டுவிடுங்கள். ஷூ பழகியதாக இருக்கட்டும்.

முதல் இடம்: கிரண் நாடார் கலை அருங்காட்சியகம்

2010-இல் தொடங்கப்பட்ட தனியார் அருங்காட்சியகம். சந்தை வாரத்தில் ஊரே பேசும் கண்காட்சி பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். நுழைவு இலவசம், திங்கள் விடுமுறை. சாகேத்தில் டி.எல்.எஃப். சவுத் கோர்ட் மாலுக்குள் இருக்கிறது. மாலுக்குள் அருங்காட்சியகமா என்று தயங்க வேண்டாம், உள்ளே போனால் கடைகள் மறந்துவிடும். மெட்ரோவில் மஞ்சள் தடத்தின் மாளவியா நகர் நிலையத்தில் இறங்கி ஆட்டோ எடுங்கள். ஆட்டோக்காரருக்கு அருங்காட்சியகத்தின் பெயர் தெரியாது. 'செலக்ட் சிட்டி வாக்' என்று சொன்னால் பக்கத்து வாசலில் இறக்கிவிடுவார். மெஜந்தா தடத்திலிருந்து வருகிறவர்கள் ஹௌஸ் காஸில் மாற வேண்டும். அது மிக ஆழமான நிலையம், எஸ்கலேட்டரில் ஏறி மஞ்சள் தடத்துக்கு வரப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். விமான நிலையத்துக்கு அருகே இந்த அருங்காட்சியகத்துக்கு மிகப் பெரிய புதுக் கட்டடம் எழும்புகிறது. அதனால் கண்காட்சி எந்த முகவரியில் என்பதைக் கிளம்பும்முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சிற்பி சுபோத் குப்தாவின் 'லைன் ஆஃப் கன்ட்ரோல்' என்ற வேலை 2012-இல் இங்கே நிறுவப்பட்டது. ஏறத்தாழ 26 டன். அணுகுண்டு வெடித்து எழும் காளான் மேகம், முழுக்க முழுக்க எவர்சில்வர் பாத்திரங்களால் ஆனது. தூரத்தில் நின்றால் மேகம். கிட்டே போனால் சொம்பு, குவளை, வாளி, டிபன் கேரியர். நம் வீட்டுச் சமையலறை அலமாரியில் இருக்கும் அதே சாமான்கள். இரண்டு தூரத்திலும் நின்று பார்க்க வேண்டிய வேலை இது.

இங்கே நடக்கும் கண்காட்சிகள் பெரும்பாலும் ஒரே ஓவியரின் வாழ்நாள் பணியை விரிப்பவை. 2025 பிப்ரவரியில் குலாம் முகம்மது ஷேக்கின் அறுபது ஆண்டுப் பணி இருந்தது. ராஜஸ்தானியக் கதைசொல்லிகள் மடித்து விரிக்கும் 'காவட்' என்ற மரப்பெட்டியை, ஆள் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிதாக்கி உள்ளும் புறமும் வரைந்தவர் அவர். அத்தகைய வேலையை அச்சிலோ திரையிலோ பார்த்துப் பயனில்லை.

இந்த மாதிரிக் கண்காட்சியைப் பார்க்க ஒரு முறை உண்டு. முதல் 15 நிமிடம் எதையும் படிக்காமல் முழுவதையும் ஒரு சுற்று நடந்துவிடுங்கள். எங்கே கால் தானாக நின்றதோ அதை மட்டும் மனதில் வையுங்கள். பிறகு ஆரம்பத்துக்கு வந்து நிதானமாகத் தொடங்குங்கள். முதல் அறையிலேயே ஒவ்வொரு எழுத்தையும் படிக்க ஆரம்பிப்பவர்கள் நான்காவது அறையில் களைத்துப்போகிறார்கள். ஓவியரின் முதிர்ந்த வேலை ஏழாவது அறையில் காத்திருக்கும். வீடியோ வேலை இருந்தால் அதன் நீளம் பக்கத்தில் எழுதியிருக்கும். 40 நிமிடப் படம் என்றால் உட்கார்ந்து பார்ப்பதா என்று அப்போதே முடிவு செய்யுங்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம் வேண்டும்.

நவீனக் கலைக்கான தேசியக் கூடம்

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் இங்கே போங்கள். இந்தியா கேட்டைச் சுற்றியுள்ள வட்டத்தில் ஜெய்ப்பூர் மகாராஜாவுக்காக 1936-இல் கட்டிய மாளிகை, ஜெய்ப்பூர் ஹவுஸ். 1954-இல் கலைக் கூடமானது. 2009-இல் பின்னால் பெரிய புதுப் பிரிவு சேர்ந்தது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: முன்னால் உள்ள குவிமாடக் கட்டடத்தில் தற்காலிகக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதான் போலிருக்கிறது' என்று வெளியே வந்துவிடுகிறார்கள். நிரந்தரச் சேகரிப்பின் பெரும்பகுதி புதுப் பிரிவின் மாடிகளில். காவலரிடம் 'நியூ விங்' என்று கேட்டு அங்கே முதலில் போங்கள்.

புல்வெளியையும் தவறவிடாதீர்கள். அங்கே நான்கு பேர் ஒரு பாறையை நெம்பிக்கொண்டிருப்பார்கள். மெரினாவில் தினமும் பார்த்துப் பழகிய உழைப்பாளர் சிலையேதான், இன்னொரு வார்ப்பு. செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர். மெரினாவில் உயர்ந்த பீடத்தில் இருப்பதால் நமக்குத் தெரிவது நிழலுருவம்தான். இங்கே அருகே போகலாம். முன்னங்காலில் திரளும் தசை, கம்பியைப் பிடித்த விரல்களின் இறுக்கம், ஒவ்வொரு முதுகும் வேறு வேறு கோணத்தில் வளைந்திருப்பது எல்லாம் தெரியும். பாறையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்து பாருங்கள். நான்கு பேரில் யாருடைய பலம் எங்கே விழுகிறது என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

உள்ளே ஓவியர் அம்ரிதா ஷேர்கில். 1913-இல் புடாபெஸ்டில் பிறந்து 1941-இல் லாகூரில் 28 வயதில் இறந்தவர். பாரிஸில் படித்து வந்த கையோடு 1935-இல் வரைந்த 'மூன்று பெண்கள்' இங்கே இருக்கிறது. அடுத்து அஜந்தாவையும் தெற்கையும் சுற்றிப் பார்த்துக் கன்னியாகுமரி வரை போய்த் திரும்பினார். அதற்குப் பின் 1937-இல் வரைந்தவை 'பிரம்மச்சாரிகள்', 'மணப்பெண் அலங்காரம்'. 1935 படத்தையும் 1937 படங்களையும் மாறி மாறிப் பாருங்கள். முன்னதில் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் நிழலாகிறது, ஐரோப்பியப் பயிற்சியின் வழக்கம். பின்னவற்றில் வெளிச்சம் எங்கிருந்தும் வருவதில்லை. வெள்ளை வேட்டியும் கரிய மேனியும் அகலமான தட்டை வண்ணங்களாகவே நிற்கின்றன. இரண்டே வருடத்தில் ஓர் ஓவியர் தன் கண்ணை மாற்றிக்கொண்டதைச் சில அடி தூரத்துக்குள் பார்க்கலாம்.

இவருடைய படங்கள் வெளிநாட்டில் அதிகம் கிடைக்காததற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சில ஓவியர்களின் படைப்புகள் தேசியக் கலைச் செல்வங்கள். அவற்றை விற்கலாம், ஆனால் நாட்டை விட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், அவனீந்திரநாத், ககனேந்திரநாத், நந்தலால் போஸ், ஜாமினி ராய், ஷேர்கில் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இந்த அனைவரின் படைப்புகளும் இந்தக் கூடத்தின் சேகரிப்பில் உண்டு. 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுப் பந்தலுக்காகக் காந்தி கேட்டு நந்தலால் வரைந்த படங்கள் வெளியே வைக்கப்பட்டிருந்தால் அங்கே நிறைய நேரம் கொடுங்கள். உழவர், தையற்காரர், மத்தளக்காரர் என்று நடந்து போகிறவர் கண்ணில் ஒரே வீச்சில் படும்படி வரையப்பட்டவை. சென்னையைச் சேர்ந்த நவீன ஓவியர்களான மெட்ராஸ் இயக்கத்தினர் இருக்கும் சுவரும் உண்டா என்று பாருங்கள். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் நிறுவிய கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படம் இருந்தால், படிக்க முயல வேண்டாம்; எழுத்துப் போலத் தோன்றும் அவை எந்த மொழியிலும் இல்லை.

சில அறைகள் ஏன் இருட்டாக இருக்கின்றன என்று எரிச்சல் வரும். காகிதத்தில் வரைந்தவை வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவில், மங்கலாகத்தான் விளக்கு வைப்பார்கள். ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகியதும் கோடுகள் எழுந்து வரும்.

போக வழி: வயலட் தடத்தில் கான் மார்க்கெட், அங்கிருந்து ஆட்டோ. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முடித்துவிட்டு அதே வட்டத்தில் நடை தூரத்தில் உள்ள பீகானேர் ஹவுஸுக்குப் போகலாம். அந்த வாரம் அங்கே பல கேலரிகள் சேர்ந்து கண்காட்சி போட்டிருப்பார்கள், அநேகமாக இலவசம்.

நேஷனல் மியூசியம்

சமகாலக் கலை பார்க்க வந்தவருக்குச் சோழர் வெண்கலம் எதற்கு என்று கேட்கலாம். சந்தையில் நீங்கள் பார்க்கப் போகும் சிற்பிகளில் பலர் இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்பது ஒரு பதில். தமிழர்கள் டெல்லி வந்து இதைப் பார்க்காமல் போகக் கூடாது என்பது இன்னொன்று.

எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மிஞ்சாது. இரண்டே கூடம் போதும். ஹரப்பா கூடத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண்: புகைப்படத்தில் பெரிதாகத் தெரிந்து பழகியதால் பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். உயரம் 11 சென்டிமீட்டர்கூட இல்லை. அடுத்து வெண்கலக் கூடம். புதுக்கோட்டை மாவட்டம் திருவரங்குளத்திலிருந்து வந்த நடராசரைத் தேடுங்கள். நமக்குப் பழகிய, இடக்காலைக் குறுக்கே தூக்கிய ஆனந்தத் தாண்டவம் இல்லை இது. சதுரத் தாண்டவம்: இரு முழங்கால்களும் விரிந்து மடங்கி, ஒரு பாதம் கீழே கிடக்கும் குள்ள உருவமான முயலகன்மேல் பதிந்திருக்க, மறு பாதம் விரல் நுனியை மட்டும் ஊன்றிக் குதிகாலை எழுப்பியிருக்கும். சுற்றிலும் திருவாசி என்ற தீச்சுடர் வளையம் இல்லாததால் உடலின் வளைவு எந்த மறைப்பும் இன்றித் தெரிகிறது. நேரே நின்று பார்த்த பிறகு பக்கவாட்டில் போய் முழங்காலும் தோளும் எப்படி எதிர்த் திசையில் திரும்புகின்றன என்று கவனியுங்கள்.

சென்ட்ரல் செக்ரட்டேரியட் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். அசல் அடையாள அட்டை கேட்பார்கள். கூடங்களைப் பராமரிப்புக்காக மாற்றி மாற்றி மூடுவது வழக்கம். டிக்கெட் எடுக்கும்முன் வெண்கலக் கூடம், அதாவது 'ப்ரான்ஸ் கேலரி', திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். மாலை ஆறுக்கு மூடும் இடங்களில் ஐந்தரைக்கே டிக்கெட் நிறுத்திவிடுவார்கள், ஐந்தே முக்காலிலிருந்து காவலர்கள் அறை அறையாக விளக்கை அணைத்துக்கொண்டு வருவார்கள். நான்கு மணிக்கு மேல் உள்ளே நுழைவதில் அர்த்தமில்லை.

மண்டி ஹவுஸ், கைவினை அருங்காட்சியகம்

மண்டி ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே மூன்று நான்கு காட்சியகம் பார்த்துவிடலாம். ஹபீப் ரஹ்மான் வடிவமைத்த ரவீந்திர பவனில் லலித் கலா அகாடமி, ஜோசப் ஸ்டைன் கட்டிய திரிவேணி கலா சங்கம். திரிவேணியில் படங்கள் சுமாராக இருந்தாலும் கட்டடத்துக்காகவே போகலாம்: துளை வேலைப்பாடு கொண்ட ஜாலிச் சுவர்கள், திறந்தவெளி அரங்கம், கான்டீன். மதியச் சாப்பாட்டை இங்கே வைத்துக்கொள்ளுங்கள், சந்தை மைதானத்துக்குள் ஒரு காபியே விலை அதிகம்.

அங்கிருந்து நீலத் தடத்தில் ஒரே நிறுத்தம், சுப்ரீம் கோர்ட் நிலையம். பழைய வரைபடங்களில் பிரகதி மைதான் என்று இருக்கும், குழம்ப வேண்டாம். பைரோன் மார்க்கில் தேசியக் கைவினை அருங்காட்சியகம். சார்லஸ் கொர்ரியா வடிவமைத்தது; முற்றத்திலிருந்து முற்றத்துக்குப் போவது போல வழி அமைந்திருக்கும். தமிழ்நாட்டு அய்யனார் கோயில் சுடுமண் குதிரைகள் திறந்தவெளியில் நிற்கின்றன. கைவினைஞர்களிடம் நேரடியாக வாங்கவும் முடியும். சந்தையில் 2024-இலிருந்து வடிவமைப்புக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அதில் பார்க்கும் நெசவுக்கும் உலோக வேலைக்கும் மூலம் இங்கே என்பதால் இதை முன்னால் பார்த்துவிடுவது நல்லது.

ஹுமாயூன் கல்லறைக்கும் சுந்தர் நர்சரிக்கும் நடுவே 2024 ஜூலையில் திறந்த புதிய அருங்காட்சியகம் நிலத்துக்கு அடியில் இருக்கிறது. முகலாய டெல்லியும் நிஜாமுதீன் வட்டாரமும் அதன் பொருள். அரை நாள் மிச்சம் இருந்தால் மட்டும், ஜே.எல்.என். ஸ்டேடியம் நிலையத்திலிருந்து ஆட்டோ.

சந்தை நாள்

நேரம் தொடங்கும்போதே உள்ளே போங்கள். சனி பிற்பகல் மூன்றுக்கு மேல் அரங்குகளில் நிற்க இடம் இருக்காது. வாசலில் வரைபடம் வாங்கி, அருங்காட்சியகங்களில் பிடித்துப்போன ஐந்து ஓவியர்களின் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு, அவர்களை வைத்திருக்கும் அரங்குகளுக்கு முதலில் போங்கள். அப்புறம் அலையலாம்.

அருங்காட்சியகத்தில் படத்தின் பக்கத்தில் பெயர், ஆண்டு, எதில் வரைந்தது, அளவு, யாரிடமிருந்து வந்தது என்று முழு விவரம் இருக்கும். சந்தையில் பெயர் மட்டும் இருக்கலாம், சில நேரம் அதுவும் இராது. கேட்கத் தயங்காதீர்கள். 'இது எந்த வருட வேலை? இவருடைய மற்றவற்றைப் பார்க்கலாமா?' என்று கேட்டால் ஐபேடை எடுத்துக் காட்டுவார்கள். வாங்குகிறவர்களிடம் மட்டும்தான் பேசுவார்கள் என்ற பயம் வேண்டாம். அரங்கில் நிற்கும் இளையவர்களில் பலர் கலை வரலாறு படித்தவர்கள், படத்தைப் பற்றிக் கேட்டால் ஆர்வமாகப் பேசுவார்கள். வாங்க எண்ணம் இல்லாவிட்டால் விலை கேட்க வேண்டியதில்லை. சிவப்புப் புள்ளி ஒட்டியிருந்தால் விற்றுவிட்டது என்று பொருள். விற்ற படம் ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விடும், மறுபடி பார்க்கக் கிடைக்காது. அதனால் புள்ளி விழுந்த படங்களில் கூடுதல் நேரம் நில்லுங்கள்.

கூடாரங்களுக்குள் செல்போன் சிக்னல் மோசம். டிக்கெட்டின் க்யூ.ஆர். குறியீட்டை முன்னமே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கூட வந்தவர்களைச் சந்திக்க ஓர் இடமும் நேரமும் பேசி வைத்துக்கொண்டு பிரியுங்கள்.

ஞாயிறும் திங்களும்

தனியார் கேலரிகள் வழக்கமாக ஞாயிறு மூடியிருக்கும். சந்தை வாரத்தில் டிஃபன்ஸ் காலனி கேலரிகள் சில திறப்பதுண்டு, போன் செய்து கேட்ட பிறகு கிளம்புங்கள். அருங்காட்சியகங்கள் ஞாயிறன்று உண்டு, ஆனால் உள்ளூர்க் குடும்பங்களின் கூட்டம் அதிகம்.

சந்தை முடிந்த மறுநாள் ஒருநாள் தங்கி நிதானமாக அருங்காட்சியகம் பார்க்கலாம் என்று திட்டம் போட்டு வருகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். திங்கள் நேஷனல் மியூசியம், நவீனக் கலைக் கூடம், கிரண் நாடார், கைவினை அருங்காட்சியகம் நான்கும் மூடியிருக்கும். செங்கோட்டையும் திங்கள் விடுமுறை. திரும்பும் ரயில் திங்கள் இரவுதான் என்றால், மஞ்சள் தடத்தில் ஜோர் பாக் இறங்கி லோதி காலனிக்குப் போங்கள். கன்னா மார்க்கெட்டுக்கும் மெஹர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடையே உள்ள அரசுக் குடியிருப்புகளின் வளைவுச் சுவர்களில் இந்திய, வெளிநாட்டு ஓவியர்கள் வரைந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட பெரிய சுவரோவியங்கள் இருக்கின்றன. டிக்கெட், விடுமுறை, கிளோக் ரூம் எதுவும் கிடையாது. காலை ஒன்பதுக்குள் போனால் சுவருக்கு முன்னால் கார்கள் வந்து நிற்பதற்குள் படங்களை அடி வரை பார்க்கலாம். ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. ஜன்னல் பக்கம் கேமராவைத் திருப்பாமல் எடுங்கள். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு மஞ்சள் தடத்திலேயே புது டெல்லி நிலையத்துக்கு நேரே போய்விடலாம்.